எட்டாம் நாள் தண்ணி

மங்கலம் ரோட்டில் ஏழு ரூமுக்கு
ஒரே குழாய், எங்கள் லைன் வீடு.
எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி.
எந்நேரம் என்று திறந்துவிடுகிறவருக்கே தெரியாது.

டெம்போவுக்கு அவர். செக்கிங் மேசைக்கு நான்.
குழாயடிக்கு மோனிஷா.
அஞ்சாவது படிக்கிறாள்.
நீல டிரம், ரெண்டு குண்டா, ஆறு குடம்
நிரம்பும்வரை அன்றைக்கு
அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

"ஒருநாள்தானுங்க டீச்சர்" என்றேன்,
கோகிலவாணி டீச்சர் கூப்பிட்டுக் கேட்டபோது.
அவர் ஒன்றும் சொல்லாமல்
பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

நான் துணி பார்க்கிறவள்.
நாளெல்லாம் பனியன்கள் கண்ணில் போகும்.
ஓட்டையோ எண்ணெய்க் கறையோ
சிவப்பு அம்பு ஸ்டிக்கரோடு
கை தானாகப் போய் நிற்கும்.
மோனிஷா பெயருக்கு நேரே
சிவப்பு மசி. ஏழு கட்டம் விட்டு ஒன்று,
மறுபடி ஏழு விட்டு ஒன்று.
ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது மட்டும் தப்பித்திருந்தது.

இப்படி ஒரே இடைவெளியில் ஓட்டை விழுந்தால்
நூலை யாரும் திட்டமாட்டார்கள்.
மிஷினில் ஒரு ஊசி உடைந்திருக்கும்.

ஊசி யாரென்று
அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிட்டது.

"ஒருநாள்தான், நானும் இல்லீங்கல" என்றார் டீச்சர்.
"அன்னைக்குத்தான் பின்னம் ஆரம்பிச்சேன்.
மறுநாள் வந்தா, உக்காந்தா.
பாதிப் படத்துல உள்ள வந்தவங்களாட்டம்
பக்கத்துப் புள்ள மூஞ்சியவே பாத்துட்டிருந்தா."

திரும்பி நடக்கையில் கணக்குப் போட்டேன்.
நான் ஒரு ஷிப்ட் விட்டால்
சனிக்கிழமைக் கவரில் எவ்வளவு குறையும்,
பைசா சுத்தமாகத் தெரியும்.
அவள் விட்ட நாளுக்கு
யாரும் கவரைக் குறைக்கவில்லை.
அதனால் செலவே இல்லை என்றிருந்துவிட்டேன்.

பொழுதோட வீட்டில் சத்தம்.
"நான் லீவு போட்டா ஓனர் வேற ஆளப் போட்டுருவான்."
"நான் போட்டா மட்டும்?"
"அப்பத் தண்ணிக்கு? நொய்யல்ல போயி மொண்டுட்டு வாரதா?"
தட்டில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தவள்
"ரெண்டு பீரியடு மட்டும் போயிட்டு வந்தர்றேன்ம்மா" என்றாள்.
அதற்கப்புறம் எங்கள் ரெண்டு பேருக்கும்
வாய் எழவில்லை.

மூணாம் ரூம் பிகாஷ், நிட்டிங்கில் நைட் ஷிப்ட்.
பகலெல்லாம் தூங்குகிறவன்.
பாதித் தமிழும் பாதிக் கையுமாகச் சொன்னேன்.
"அக்கா, டிரம் வெளியே வை.
தண்ணி சத்தம் கேட்டா நான் எழுந்துக்கும்" என்றான்.
ஞாயிறு தவறாமல் அவனுக்கு ஒரு போசி குழம்பு.

அஞ்சாம் ரூம் இசக்கியம்மா எட்டிப் பார்த்தாள்:
"ஏம்மா, இத முன்னாலயே கேட்டிருக்கலாம்லா?
எம் பயலும் இதுக்குத்தான வீட்ல கெடக்கான்."
ஒரே சுவர்தான் நடுவில்.
ரெண்டு வருசமாக
ரெண்டு பிள்ளைகள் மாறி மாறி வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

மறுமாதம் ஒருநாள் டிரம்முக்குள் குனிந்து
"மூணுல ரெண்டு பங்கு" என்றாள்.
எனக்கு முக்கால் என்று பட்டது.
ஸ்கேல் கொண்டுவந்து அளந்தாள்.
ரெண்டு பேரும் தப்பு.

எல்லாம் சீராகிவிடவில்லை.
போன வாரம் பிகாஷ் ஊருக்குப் போயிருந்தான்.
இசக்கியம்மாவுக்கு டபுள் ஷிப்ட்.
பத்து மணிக்கு வந்த தண்ணி
பதினொண்ணுக்கு நின்றுவிட்டதாம்.
மத்தியானச் சோத்துக்கு ஓடிவந்து
டிரம்மைத் தட்டினேன்.
அடிவரைக்கும் முழங்கியது.
இனிக் கேன் தண்ணிதான், மூணு கேனாவது வேண்டும்.
வயிறு எரிந்தது.

கதவைத் திறந்தேன்.
சுவர் ஆணியில்
பை இல்லை.