பச்சைத் தரை

ராயக்கோட்டை மண்டியில் இரவு இரண்டு மணி.
பாலக்கோட்டு லோடு இன்னும் வரவில்லை.
தராசுக்குப் பின்னால்
கணக்கு நோட்டின்மேல் போனைச் சாய்த்துவைத்து
அயர்லாந்துக்கு அணி எடுக்கிறேன்.

எப்படி அயர்லாந்து என்றால்,
இந்தியாவுக்கு நின்றேன், ஒன்பது ஓட்டு.
அயர்லாந்துக்கு ஆளே நிற்கவில்லை.
பதினேழு ஓட்டில் தேசிய மேலாளர்.

இந்த விளையாட்டில் முகம் கிடையாது.
ஒரு பெயர், ஒரு வயது,
திறமைக்கு நேராக ஒரு சொல்.
சோடை, சுமார், பரவாயில்லை, தேறும், கெட்டி, அபாரம் என்று
அவற்றைத் தமிழாக்கி
மண்டி காலண்டரின் பின்பக்கம் எழுதிவைத்திருக்கிறேன்.
அபாரம் இதுவரை ஒரே ஒருவன்.
அவனுக்கும் தொடையில் பிடிப்பு.

பத்துப் பேர் தாமாகவே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.
தொடக்க ஜோடிக்குப் பொறுமை கெட்டி, அடி சுமார்;
போகட்டும், ஐம்பது ஓவர் இருக்கிறது.
கீப்பருக்கு மட்டை ஒட்டாது,
பந்து ஒட்டும்.
பதினொன்றாவது கட்டத்தில்
விரல் நின்றுவிட்டது.

தரை பச்சை என்கிறது அறிக்கை.
மூன்றாவது வேகம் வேண்டும்.
டெக்லன் மூர், இருபது வயது,
உடம்பு கெட்டி, அனுபவம் சோடை.
அல்லது
கோல்ம் ராஃப்டர், இடக்கைச் சுழல்.
உத்தேசப் பட்டியலில் இருபது தடவை இருந்தவன்,
ஒருதடவையும் இறங்காதவன்.
பதினைந்து வாரத்துக்கு ஒரு வயது இங்கே.
புதன்கிழமை அவனுக்கு முப்பத்துநாலு.
அன்றிலிருந்து
ஒவ்வொரு சொல்லாக இறங்கும்.

அவனை வளர்த்தவர் கார்க் பக்கம் பஸ் ஓட்டுகிறார்.
பதினாறு வயதில் அவனை எடுத்து
ஐந்து வருஷமாகச் சுழலை மட்டும் பழக்கினவர்.
நேற்று எழுதியிருந்தார்:
"ஒரே ஒரு ஆட்டம்.
எட்டாவதாக இறக்கினாலும் சரி."

லோடு வந்தது.
மாதையன் டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க
கெம்பம்மா பெட்டிக்குள் கைவிட்டாள்.
காய்வெட்டு இந்தப் பக்கம்,
கனிந்தது அந்தப் பக்கம்.
எது சென்னைக்குத் தாங்கும்,
எது தருமபுரி ஓட்டலோடு சரி,
காம்பைத் தொட்டே சொல்லிவிடுவாள்.
யாருக்கும் காரணம் சொன்னதில்லை.
தக்காளி கடிதம் எழுதுவதில்லை.

நான் எழுத வேண்டியிருந்தது.
எனக்கு வந்த இங்கிலீஷில்:
தரை பச்சை, மன்னிக்கவும்.
அடுத்த ஆட்டம் பார்க்கலாம் என்று அடித்தேன்.
அழித்தேன்.
புதன்கிழமை அவருக்குத் தெரியாதா.

நாலரைக்குப் பட்டியல் மூடும்.
நாலு இருபத்தெட்டுக்கு
மூர் பெயரை அழுத்தினேன்.
அங்கே நள்ளிரவு நெருங்கியிருக்கும்,
பதில் உடனே வந்தது.
"நானாக இருந்தாலும் மூரைத்தான் எடுத்திருப்பேன்.
கேட்காமல் மட்டும்
இருந்திருக்க மாட்டேன்."

ஏலம் கூவிக் கூவி
பெட்டி இருநூற்றுப் பத்தில் நின்றபோது
ஆட்டம் வரிவரியாக ஓடி முடிந்திருந்தது.
மூர் பத்து ஓவர், அறுபத்தெட்டு ரன்,
விக்கெட் இல்லை.
தரை பாதி ஆட்டத்திலேயே காய்ந்துவிட்டதாம்.
எதிரணியின் சுழல்காரன்,
பெயரைக்கூடப் பார்க்காமல் விட்டிருந்தேன்,
நாலு பேரைச் சாய்த்திருந்தான்.

ரசீதுக்குக் கை நீட்டினார் திம்மராயன்.
"என்னாப்பா, மூஞ்சி ஒரு மாதிரி?"
"தோத்துட்டோம்ணா."
"யாரு?"
"அயர்லாந்து."
"அது எங்க, தளிக்கு அந்தாண்டயா?"
"ஆமாண்ணா."

நாற்பத்திரண்டு பெட்டி என்று எழுதி
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
வியாழக்கிழமை ஸ்காட்லாந்து.
தரை வறண்டிருக்கும்
என்கிறது அறிக்கை.