சலவைக் கணக்கு

சவரிமுத்து அண்ணே,
மயக்க மருந்துக்கு முன் நீங்கள் கேட்டது:
"எடுக்கறதையெல்லாம் எழுதி வெப்பீங்களா, தங்கச்சி?"
டத்தோ கிராமட் சாலையில் முப்பது வருடம்
ஓட்டல் விரிப்புகளுக்குச் சீட்டு எழுதியவர்
வேறெப்படிக் கேட்பார்.

எழுதி வைத்தேன்.

நோன்பு மாதம், கடைசி வாரம்.
பினாங்கில் வழக்கமாகக் கை நீட்டுகிறவர்களில் பாதிப்பேர்
பகலில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை.
ரத்த வங்கியில் உங்கள் வகை இரண்டே பை.
முந்தின நாளே வார்டில் சொல்லியிருந்தேன்:
இவருக்குக் குழந்தைகளின் குப்பி போதும்,
பெரிய குப்பியில் எடுக்காதீர்கள்.

காலை எட்டு பத்து.
இயந்திரத்தை மேசையருகே தள்ளினேன்,
டாக்டர் ஊய் முழங்கை இடித்து முறைக்கும்வரை.
குழாயில் ஒரு முழம் குறைந்தால்
அதை நிரப்பும் நீரும் ஒரு முழம் குறையும்.
கழுத்துக் குழாய் வழியே ஒரு பை இறக்கி
பெயர் ஒட்டி
ஓரத்தில் ஆடும் தட்டில் வைத்தேன்.
உங்களுடையது. உங்களுக்கே.

பிறகு இதயம் நின்றது.
தொண்ணூற்றாறு நிமிடம்
என் வலது கைத் திருகில் ஓடினீர்கள்.
அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.
எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

சிந்தியதெல்லாம் உறிஞ்சுகுழாயில் வந்தது.
ஹஸ்னிஸா பஞ்சுத்துணிகளை
உப்புநீரில் அலசி, பிழிந்து,
அந்த நீரையும் எனக்கு அனுப்பினாள்.
கிண்ணம் சுழன்றது. கசடு வெளியே, சிவப்பு உள்ளே.
மூன்று அலசல்.
உங்கள் தொழில்தான், அண்ணே.
நீலம் மட்டும் போடவில்லை.

திருப்பியது:
அலசியதில் ஐந்நூற்று நாற்பது மில்லி.
ஆடும் தட்டில் இருந்த பை, முழுசாக.
குழாய்களில் தங்கியது,
உப்புநீரால் பின்னாலேயே துரத்தி,
கடைசி அங்குலம் ரோஜா நிறமாகிற வரை.

திரும்பாதது:
தரையில் ஓர் உள்ளங்கையளவு.
டாக்டர் ஊயின் வலது செருப்பில் கொஞ்சம்.
பிழிந்தும் துணி விடாதது.
இன்னொன்றையும் மறைக்கக்கூடாது:
அலசும்போது, ரத்தத்தை உறையவைக்கும் சத்து
கழிவுநீரோடு போய்விட்டது.
சாயம் போகாமல் வெளுக்க
எனக்கும் தெரியாது.

வங்கியின் இரண்டு பைகளையும் வரச் சொல்லவேயில்லை.
குளிர்பெட்டியில் இருக்கின்றன.
யாருக்கென்று தெரியாது.

மாலை, நோன்பு திறக்கும் நேரம்.
கையுறைத் தூள் போகாத விரல்களால்
ஹஸ்னிஸா பேரீச்சம்பழத்தைப் பிட்டு
பாதியை என்னிடம் நீட்டினாள். நோன்பில்லாத நானும்
காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

இரவு ஒன்பதுக்கு உங்களைப் பார்க்க வந்தேன்.
வாயில் குழாய். கண் பாதி திறந்திருந்தது.
கணக்குச் சொல்ல வாயெடுத்தேன்.
நீங்கள் கேட்டீர்களா, தெரியவில்லை.
கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மெல்ல நகர்ந்து
போர்வையின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தன,
யார் வெளுத்தது இது என்பது போல.