ஏழாவது விடயம்

கல்லடியில் ஒரு மேல்மாடி அறை.
பீடமில்லை, சிலுவையில்லை.
முன்பிருந்தவர்கள் கலண்டர் மாட்டிய ஆணி மட்டும் உண்டு.
ஞாயிறு ஒன்பதரைக்கு ஐந்து பேர் வருவோம்.
பேச்சு வந்தால் பேசுவோம். பெரும்பாலும் வராது.

பாஸ்டர் ஜெபனேசன் ரசீதுப் புத்தகத்தோடு வந்திருந்தார்.
அவருடைய சபை கம்போடியாவுக்கு
ஒரு குடும்பத்தை அனுப்புகிறது:
மாதச் சம்பளம், ஞானஸ்நானத் தொட்டி, ஒலிபெருக்கி,
முதலாண்டு இலக்கு நாற்பது ஆத்துமா.
எங்கள் மைலோ டின்னில்
பதினாலாயிரத்து முன்னூறு இருந்தது.

கேட்டுவிட்டு அவரும் எங்களோடு உட்கார்ந்தார்.
மின்விசிறி தட்டித் தட்டிச் சுற்றியது.

டெல்மா பார்தலெட் எழும்பினா.
"வெளிச்சத்தப் பெட்டியில அடைச்சுக்
கப்பல்ல ஏத்தேலா.
நாம போய்ச் சேர முதலே அது அங்க இரிக்கி."
இருந்துவிட்டா.

எனக்கு நாவலடி வந்தது.
கடல் எடுத்த ஆறாம் நாள் இறங்கிய அரிசி மூட்டை.
நூலை இழுத்துப் பிரித்தால்
மேலே பளபளத்த தாளில் ஒரு கேள்வி:
இன்றிரவு நீ இறந்தால் எங்கே போவாய்?
என் மச்சாள் அதை இரண்டுதரம் வாசித்தாள்.
பிறகு அரிசியைக் களைந்தாள்.
அன்றைக்கு நாங்கள்தான்
யாரோ ஒருவருடைய கடல் கடந்த தேசம்.
ஏதோ ஓர் அறிக்கையில்
எங்கள் தலைகளும் எண்ணப்பட்டிருக்கும்.

சொல்ல எழும்பவில்லை.
குறிப்பெழுதுகிறவளுக்கு எழுதத்தான் வேலை.

பிறகு திசோகரன், எழும்பாமலே:
"வெள்ளத்துக்குள்ள என்ர அம்மாட பெட்டிய
இடுப்பளவு தண்ணியில தோளில வைச்சவர் இவர்.
எந்தச் சபை எண்டு கேக்கல்ல."

அதற்கு எங்களிடம் பதில் இல்லை.
வாக்கெடுக்கும் வழக்கமும் இல்லை.

எழுதினேன்:
'ஒருமனம் கிட்டவில்லை.
சம்பளத்துக்குப் பிரசங்கிக்க ஆள் அனுப்பவும்
தண்ணீரில் முக்கி ஆட்களை எண்ணவும்
எங்கள் காசு போக மனம் ஒப்பவில்லை.
கிணறு வெட்டினால் தருவோம்.'
கடைசி வரியை வெட்டினேன்.
மீன்சந்தையில் விலை பேசுவதுபோல் கிடந்தது.

கை சுத்தமாய் இருப்பதிலும் ஒரு மமதை உண்டு.
அதை எத்தனையாம் விடயமாக எழுதுவது?

பத்தரைக்கு, வழக்கம்போல்,
பக்கத்திலிருப்பவரின் கையைப் பிடித்துக் குலுக்கினோம்.
கூட்டம் முடிந்தது என்பது அதற்கு அர்த்தம்.
அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.
"ஆமென்" என்றார். சிரித்தபடி பேனை மூடியைக் கழற்றி,
பெயர் எப்படி எழுதுவது என்று கேட்டார்.

நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.
இரண்டாம் வரியிலேயே மூடியைப் பூட்டிவிட்டார்.
பிளேன்ரீ குடித்தார். சீனி காணும் என்றார்.

திசோகரன் அவரோடு படியிறங்கினான்.
நான் டின்னை மூடிக்கொண்டிருந்தேன்.
கீழே, வாசலடியில்,
ஒரு ரசீது கிழிபடும் சத்தம்.