இன்குபேட்டர் எண்

நாரினுக்கு மேலே கடைசி ஊர்.
மின்சாரம் போய் நான்கு மணி நேரம்.
ஆயிரத்து நூற்று நாற்பது கிராம்:
தராசு முள் நின்ற இடத்தை
டார்ச் அடித்து இருமுறை பார்த்தாள்
செவிலி பெர்மெத்.

ஐசிரெக்குக்கு இரத்தம் நிற்கவில்லை.
மருத்துவமனை கணவாய்க்கு அப்பால்.
தாய் ஸ்ட்ரெச்சரில்.
பிள்ளை, பெர்மெத்தின் ஸ்வெட்டருக்குள்,
தோலோடு தோலாக,
ஆரஞ்சுப் பழ அளவுத் தலையில் கம்பளிக் குல்லா.

வைப்பர் உறைந்துவிட்டது.
வளைவுக்கு வளைவு தாலாய் கேட்கிறான்:
"மூச்சு?"
"ம்."
"மூச்சு?"
"ம்."
நடுவில் ஐசிரெக் கண் விழித்து
"கனக்குதா?" என்றாள்.
"கனம்தான்."

ஒரு வளைவில் பதில் வரவில்லை.
வண்டி நின்றது.
பெர்மெத் உள்ளங்காலைச் சுண்டினாள்.
மறுபடியும் சுண்டினாள்.
பூனைக்குட்டி தும்மியதுபோல் ஏதோ.
"ஓட்டு."

விடிகாலை, மேசையில் படிவம்:
'கொண்டுவந்த இன்குபேட்டரின் எண்.'
உறைந்த பேனாவை ஊதி ஊதி
அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள்.
வயது நாற்பத்தாறு என்றும் சேர்த்தாள்,
யாரும் கேட்காமலே.

இப்போது ஊர்ச் சுகாதார நிலையச் சுவரில்,
நிலக்கரி மூட்டைக் கணக்குக்குப் பக்கத்தில்
இன்னொரு கணக்கு:
1140
1095
1130
1210.
தொலைபேசி வராத வியாழக்கிழமைக்கு
வெறும் கோடு ஒன்று கிழித்து வைத்திருக்கிறாள்,
பிறகு நிரப்ப.