இதுவரை

தஞ்சோங் பூங்கா, பதினேழாம் எண் வீடு.
கொசுப்புழுவுக்கு அபராதம் ஒட்டிப் போனபிறகுதான்
வங்கிக்கு இந்தக் குளம் ஞாபகம் வந்தது.

குளோரினுக்கு முன்னால்
தலைப்பிரட்டைகளை வாளியில் மொண்டு
பின்சந்துக் கால்வாயில் விட்டேன்.
ஏலப் பட்டியலில் அவை இல்லை.

தேய்க்கத் தேய்க்க
கீரைக் கடைசலாய்க் கலங்கியது தண்ணீர்.
மூன்றாம் நாள் தெளிந்தது.
ராத்திரி மழை. மறுபடி பச்சை.
இன்னும் இரண்டு மூட்டை, நூற்றெண்பது வெள்ளி,
என் கைக்காசு.

இன்று தரை தெரிகிறது:
ஒரு கரண்டி, வாசல் சாவி.
ஆழம் தொடங்குமிடத்தில், சுவர் ஓட்டில்
சிவப்புப் பெயிண்டில் கோணல் கையெழுத்து:
ரேணுஷா இதுவரை.

மிஸ் ஊய் படம் கேட்கிறார்,
வாங்குபவர்களுக்குக் காட்ட.
அந்த எழுத்து விழாத கோணம் தேடிக்
குளத்தைச் சுற்றி நடக்கிறேன்,
போனும் கையுமாய்.