கீல்களின் எடை

பன்னிரண்டு டாலருக்கு நான் வாங்கிய முதல் பெண்
ரொட்டி உடுத்தியிருந்தாள்.
தோள்களில் சின்னச் சின்ன பன்கள்,
இடுப்பைச் சுற்றி பிஸ்கட் சரம்,
தலையில் மூன்றடுக்கு கேக்.
மார்பின் குறுக்கே பட்டையில் கொட்டை எழுத்தில்
கடைக்காரன் பெயர், தெரு, கதவிலக்கம்.
அட்டையின் அடியில் புகைப்படக்காரன் பெயர்.
அவள் பெயர் எங்கும் இல்லை.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்.
இந்த அட்டைகளில்
ஆள் அரைக்கால்.

தேவாலயக் கூரைக்குப் பணம் திரட்ட
ஒரு மாலைக் கேளிக்கை;
கடைக்கொரு பெண்,
கடைச்சரக்கே அலங்காரம்.
பியானோவுக்கு அடியெடுத்து மேடையைச் சுற்றுவார்கள்.
மறுநாள் அதே கோலத்தில்
கேமரா முன்னால் மூச்சடக்கி நிற்பார்கள்.
அயோவாவின் சிற்றூர்களில் அப்போது
அப்படியொரு பழக்கம்.

இப்போது என்னிடம் நாற்பத்தேழு பேர்.
கரண்டிகள் தொங்கும் பாவாடைக்காரி,
மருந்துச் சீசாக்களைக் காதில் மாட்டியவள்,
சோளக்கதிர் கிரீடத்தோடு விதைக்கடைக்காரி.
சவப்பெட்டிக் கடைக்காக ஒருத்தி,
கருப்பு உடுப்பு, பித்தளைக் கைப்பிடிகள்.
நாற்பத்தேழு பேரில்
அவள் ஒருத்திதான் சிரிக்கிறாள்.

நான் கவுண்டியின் பனிவண்டி ஓட்டுகிறவள்.
விடியலில் வேலை முடித்து வந்து
கை சூடேறும்வரை காத்திருந்து
லென்ஸை எடுப்பேன்.

இரும்புக்கடைப் பெண்ணுக்காக ஏலத்தில்
என்னோடு மல்லுக்கு நின்றவர் ஆர்வில் டெஷ்க்.
பெண்களில் அவருக்கு அக்கறையில்லை,
பழைய கதவுக் கீல் சேகரிப்பவர்.
இருநூற்றுப் பத்தில் கையை இறக்கிவிட்டு
கார் நிறுத்துமிடத்துக்கு வந்து
ஒருமுறை பார்க்கலாமா என்றார்.

அவள் பாவாடையில் விரல் படாமல் எண்ணினார்.
கீல் இருபத்தாறு. பூட்டு ஒன்பது.
முழங்காலருகே ஒரு கீல்
தலைகீழாகத் தைக்கப்பட்டிருக்கிறதாம்.
"வார்ப்பிரும்பு. பதினெட்டு பவுண்டுக்குக் குறையாது."
பிறகு, யாரிடமோ கேட்பதுபோல்,
"ஸ்டூடியோவெல்லாம் அப்போது
மாடியில்தானே இருக்கும், வெளிச்சத்துக்காக?"

இருவரும் கொஞ்ச நேரம்
படி ஏறிக்கொண்டிருந்தோம்.

போன மாதம் தபாலில் வந்தவள்
புகைப்படக்காரனின் விளம்பரம்.
உடம்பெல்லாம் குட்டிப் படங்கள்:
குழந்தைகள், மாப்பிள்ளைகள், ஒரு பரிசுக் காளை.
விளிம்பில், தரையைத் தொடும் வரிசையில்,
லென்ஸ் நின்றது.

அதே நடுவகிடு.
இடப்புருவத்தில் அதே வெட்டு.
கீல் இல்லை, பூட்டு இல்லை, பட்டை இல்லை.
கட்டம் போட்ட பருத்திச் சட்டை,
முழங்கைவரை சுருட்டிய கை.
கேமராவைப் பார்க்கவில்லை;
சட்டகத்துக்கு வெளியே யாரோ
ஏதோ சொல்லியிருக்கிறார்கள்,
அவள் பதில் சொல்ல வாயெடுத்திருக்கிறாள்.
பட்டாணி அளவு முகம்.

டெஷ்க்கை அழைத்துச் சொன்னேன்.
"கீல் ஏதும் தெரிகிறதா?"
"ஒன்றுகூட இல்லை."
மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.
"நல்லது" என்றார்.

ஜன்னலில் பனி பிடித்திருந்தது.
முதுகில் கவுண்டியின் பெயர் எழுதிய
ஆரஞ்சு மேலங்கியைத் தேடி
மாட்டிக்கொண்டேன்.