ராதர் தின்

குன்னூர். பெட்ஃபோர்டுக்கு மேலே ஏலத் தரகர் அலுவலகம்.
வடக்கு ஜன்னலை ஒட்டி
வெள்ளை ஓடு பதித்த நீள மேசை,
அறுபத்திரண்டு கோப்பைகள்.
பெல்லியப்பா சார் கரண்டியால் உறிஞ்சுவார்,
கிழிந்த விசில் மாதிரி ஒரு சத்தம்.
பித்தளைத் தொட்டியில் துப்பிவிட்டு
இரண்டு வார்த்தை சொல்வார்.
நான் தட்டச்சு செய்வேன்.

லாட் எண், எடை, சாக்குக் கணக்கு, தேதி:
இவற்றோடு யாரும் சண்டைக்கு வர முடியாது.
வந்தால் தராசைக் கூப்பிடலாம்.
கடைசிக் கட்டத்தில் வருவதுதான் வேறு ரகம்.
பிரைட். பிரிஸ்க். ஃபேர்லி குட்.
அந்த ஃபேர்லியை எந்தத் தராசில் வைப்பது?

ஆறு வருஷம் அடித்த பிறகுதான் கண்டுகொண்டேன்,
சார் இங்கே 'ஐ திங்க்' சொல்வதே இல்லை.
டெலிபோனில் மனைவியிடம் நாளுக்கு நாலு தரம் சொல்வார்.
தேயிலையிடம் மட்டும் இல்லை.
ஆளில்லாமல் வெளியே போகும் வாக்கியம்
ஏல நாளில் எடையைப் போலவே நிமிர்ந்து நிற்கும்.

நம் பேச்சில் எண்ணம் வால்பக்கம் வரும்.
மழை வரும் என்று சொல்லி
வாசலைத் தாண்டும்போது
'னு நினைக்கிறேன்' என்று செருப்பை மாட்டிக்கொள்ளலாம்.
அதுவும் வேண்டாமென்றால் ஓர் 'ஆம்' போதும்.
மழையாம்.
யாரோ சொன்னது, நனைந்தால் நான் பொறுப்பில்லை.
இங்கிலீஷிலோ முதலிலேயே கதவைத் தட்ட வேண்டும்:
ஐ ஃபீல். இட் சீம்ஸ். இன் மை வியூ.
தட்டாமல் நுழைகிறவர்கள் எல்லாம்
வீட்டுக்காரர்கள் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாருக்கு ஜலதோஷம்.
கழுத்தில் மஃப்ளர், மூக்கு சிவந்து.
லாட் 318, கட்டபெட்டு.
'ராதர் தின்.'
அந்த ஆலையில் உலர்த்தும் அடுப்புக்குப் பக்கம்
என் அக்கா செல்வநாயகி நிற்கிறாள்.
ஒரு ராதருக்குக் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் இறங்கும்,
இறங்குவது அவள் போனஸ் வரை போகும்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் 318ஐக் குடித்தேன்.
ஆறிப்போயிருந்தது. துப்பவில்லை.
நாக்கின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தது.

கார்பன் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன்:
ஐ திங்க் 318 இஸ் நாட் தின்.
அந்த 'ஐ'யை எத்தனை ஆயிரம் தரம் அடித்திருப்பேன்,
அதற்குள் நான் நின்றதில்லை.
பயம் வந்தது. 'மே பீ' சேர்த்தேன்.
அடித்துவிட்டேன்.
'சர்' சேர்த்தேன். அது கருத்து இல்லை, பழக்கம்.
சார் மேசையில் வைத்துவிட்டு
கோத்தகிரி பஸ்ஸுக்கு ஓடினேன்.

மறுநாள் தாள் என் மெஷின்மேல் கிடந்தது.
பச்சை மையில் ஒற்றை வார்த்தை:
பெர்ஹாப்ஸ்.

318 முப்பத்தெட்டுக்கே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன்,
சாரே ஒத்துக்கொண்டாராம் என்று.
கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள்
கத்தியை நிறுத்தினாள்.
'அதென்ன டாராம்?
நீதானேடி அங்க இருந்தே?'